மெழுகுக் கொடிக்கு எவ்வளவு தண்ணீர்?

யன்னலோரத்தில் வளர்க்கத்தக்க கொடிகளுள் ஹோயாவைப் போலப் பொறுமை மிக்கதொன்றை நான் கண்டதில்லை. மெழுகில் வார்த்தெடுத்தாற் போன்ற சிறு நட்சத்திரப் பூக்களைக் கொத்துக் கொத்தாகத் தாங்குவதால் மெழுகுக் கொடி என்னும் பெயர் அதற்கு நன்கு பொருந்தும். இரண்டு வாரம் மறந்திருந்தாலும் முகம் வாடாத அக்கொடி நம் மலைநாட்டில் மட்டும் ஏன் இத்துணை எளிதில் மடிந்துபோகிறது? நுவரெலியாவிலும் அட்டனிலும் நான் அறிந்த வீடுகளில் பட்டுப்போன மெழுகுக் கொடிகளுள் தாகத்தால் பட்டது ஒன்றேனும் இல்லை. யாவும் தண்ணீரால் மாண்டவை. அதுவும் அன்போடு வார்த்த தண்ணீரால்.

கொடியின் பிறப்பிடத்தை எண்ணிப் பார்த்தால் காரணம் விளங்கும். காட்டில் அது பெரும்பாலும் மரத்தின் கவட்டிலும் பட்டையின் இடுக்கிலும் தொற்றி வாழ்கிறது. தொற்றுகிறதேயன்றி மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை; ஆதலின் அதனை ஒட்டுண்ணி என்பது தவறு. மழை பெய்தால் வேர் முழுதும் நனைகிறது. மழை விட்டதும் காற்று வந்து உலர்த்திவிடுகிறது. நனைவதும் உலர்வதும் மாறி மாறி வருவதே அவ்வேருக்குப் பழகிய வாழ்வு. இடையில் வரும் வறட்சிக்குத் தடித்த இலைகளே நீர்க்குடங்கள். வீடுகளில் மிகுதியாகக் காணப்படும் ‘கார்னோசா’ என்னும் இனம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. பகல் வெயிலில் இலைத்துளைகளை மூடி வைத்து, இரவின் குளிர்ச்சியில் திறந்து கரியமில வாயுவை ஏற்றுக்கொள்கிறது. நீரைச் செலவிடுவதில் இவ்வளவு கணக்குப் பார்க்கும் செடிக்கு நாள்தோறும் நீர் வார்ப்பது உபசாரம் ஆகுமா?

இக்கொடி நமக்கு முற்றிலும் அந்நியமானதும் அன்று. இலையைக் கிள்ளினால் பால் வடியும். நம் எருக்கும் இதுவும் ஒரே குடும்பம். கார்னோசா கிழக்காசியாவிலிருந்து வந்ததாயினும், ஓவலிஃபோலியா என்னும் ஹோயா இலங்கைக்கும் தென்னிந்தியாவுக்கும் உரியதே. ஹோயா என்ற பெயரின் கதையும் சுவையானது. 1810ஆம் ஆண்டில் இப்பேரினத்துக்குப் பெயர் சூட்டியவர் ராபர்ட் பிரவுன். நீரில் மிதக்கும் நுண்துகள்களின் ஓயாத அசைவை ஆராய்ந்தமையால் பௌதிக மாணாக்கர் அறிந்திருக்கும் அதே பிரவுன்தான். அவர் தேர்ந்தெடுத்தது பிரபுவின் பெயரன்று. நோர்தம்பர்லாந்துப் பிரபுவின் சையன் மாளிகையில் செடிகளைப் பேணிய தோமஸ் ஹோய் என்ற தோட்டக்காரரின் பெயர். ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 1867இல் தேயிலை பயிரிட்ட நாள்தொட்டு இம்மலைகளில் செடி பேணிய கைகள் எத்தனை இலட்சம்! அவற்றுள் ஒன்றின் பெயர் தாங்கிய செடியை நான் கண்டதில்லை. அது வேறொரு கட்டுரைக்குரிய பொருள்.

அட்டனுக்கு அண்மையில் ஒரு தோட்டப் பாடசாலையின் வாசிப்பறையில் பால்மாத் தகரத்தில் ஒரு மெழுகுக் கொடி நின்றது. இளைப்பாறிச் சென்ற ஆசிரியை ஒருவர் விட்டுச்சென்றது. அவர் நினைவாகப் பிள்ளைகள் அதனைப் போற்றினர். பீலியிலிருந்து போத்தலில் நீர் கொணர்ந்து வார்க்க ஒரு சிறுமி. அவள் வார்த்ததை அறியாமல் இடைவேளையில் வார்க்க மற்றொருத்தி. நான் சென்றபோது இலைகள் சுருங்கி மஞ்சளித்திருந்தன. “தாகமா இருக்கும் சேர், பாவம்” என்று கூறி அச்சிறுமி மறுபடியும் போத்தலை எடுத்தாள். தகரத்தைக் கவிழ்த்துக் காட்டினேன். அடியில் ஒரு துளையும் இல்லை. வேர்கள் கறுத்துக் குழைந்து புளித்த வாடை வீசின.

இங்கேதான் பலரும் ஏமாறுகின்றனர். நீர் இல்லாவிடினும் இலை சுருங்கும். நீர் மிகுந்து வேர் அழுகிவிட்டாலும் இலை சுருங்கும். வேருக்கும் மூச்சு வேண்டும். மண்ணின் இடைவெளிகளை நீரே அடைத்துக்கொண்டால் வேர் மூச்சின்றி மடிகிறது. மடிந்த வேர் நீரின் நடுவே நின்றும் ஒரு சொட்டும் உறிஞ்சமாட்டாது. ஆகவே சுருங்கிய இலையைக் கண்டதும் செம்பைத் தேடாமல் மண்ணைத் தொட்டுப் பார்க்க வேண்டும். மண் காய்ந்திருந்தால் தாகம், ஈரமாயிருந்தால் அழுகல்.

வீட்டில் பத்துக் குடம் சுமக்கும் பிள்ளை அவள். லயத்துக்குக் கீழேயுள்ள பீலியிலிருந்து மேடேறித் தண்ணீர் தூக்கும் வீடுகளில், நீரைப் பிறருக்கு ஈவது சின்ன அறமன்று. அத்தகைய பிள்ளையிடம் “வார்க்காதே” என்று சொல்ல நா எழவில்லை. ஆதலால் வேறொரு வேலை கொடுத்தேன். அழுகாத கொடியில் இரண்டு கணு உள்ள துண்டை நறுக்கி, பால் உலர ஒரு நாள் வைத்து, அடுப்புக்கரி, உடைத்த செங்கல், தென்னை மட்டைத் துண்டு ஆகியவை கலந்த துளையிட்ட தகரத்தில் இருவரும் நட்டோம். நாள்தோறும் தகரத்தைத் தூக்கிப் பார்த்து ‘கனம்’ அல்லது ‘இலேசு’ என்று கொப்பியில் குறிப்பதும், இலேசான நாளில் மட்டும் வார்ப்பதும் அவள் பொறுப்பு. ஒரு தவணை முழுதும் குறித்தாள். ஆனியில் ‘கனம்’ என்ற சொல் ஒரு பக்கத்தை நிரப்பிற்று. கொடி பிழைத்தது.

அந்தப் பக்கம்தான் நம் மலைநாட்டுப் பாடம். வாரம் ஒருமுறை நீர் வார்க்க என்று எழுதும் ஏடுகள் ஐரோப்பாவின் சூடேற்றிய அறைகளை எண்ணி எழுதப்பட்டவை. ஏறக்குறைய 4,000 அடி உயரத்திலுள்ள அட்டனில், தென்மேல் பருவமழை பொழியும் வைகாசி முதல் ஆவணி வரை, காற்றே ஈரத்துணி போலிருக்கும். சாடி உலர மூன்று வாரமும் ஆகலாம். 6,000 அடிக்கு மேலுள்ள நுவரெலியாவிலோ தையிலும் மாசியிலும் பகல் வெயில் மேல்மண்ணை உலர்த்தும். இரவில் புல்மேல் உறைபனி படியும். மேல்மண் உலர்ந்ததைக் கண்டு மாலையில் நீர் வார்ப்பவர், குளிரில் ஒடுங்கிய வேரை இரவு முழுதும் பனிநீரில் நிறுத்துகிறார். அம்மாதங்களில் வெப்பம் 10 பாகைக்குக் கீழே இறங்கும் இரவுகளில் கொடியை யன்னற் கண்ணாடியிலிருந்து விலக்கி உள்ளே வைப்பதும் நல்லது.

நாள்கணக்கை விட்டுக் கைக்கணக்கைக் கொள்க. விரலை ஓரங்குலம் மண்ணில் நுழைத்துப் பாருங்கள். முதிர்ந்த இலையொன்றை மெல்ல வளைத்துப் பாருங்கள். விறைப்பாக நின்றால் அதனிடம் இன்னும் நீர் இருக்கிறது. தளர்ந்து வளைந்து, மண்ணும் உலர்ந்திருந்தால் வார்க்கும் வேளை வந்தது. அப்போது கஞ்சத்தனம் கூடாது. அடித்துளைகளால் வழியும் வரை முழுதும் நனையுமாறு வார்த்து, வடியவிட்டு, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட வேண்டும். நாள்தோறும் அரைக் கோப்பை என்பதே எல்லாவற்றிலும் கெட்ட முறை. மேலே நனைந்து நடுவில் உலர்ந்து அடியில் அழுகும். விடியற்காலைப் பீலி நீரைப் பிடித்து வைத்து, அதன் குளிர் தணிந்தபின் முற்பகலில் வார்க்கலாம்.

பூத்து உதிர்ந்தபின் எஞ்சும் குட்டைக் காம்பை மட்டும் அழகுக்காகக் கத்தரித்துவிடாதீர்கள். அடுத்த முறை பூப்பதும் அதே காம்பில்தான். மாலை மங்கியபின் அறை முழுதும் மணக்கும்.