உங்களுக்குத் தெரியுமா? காற்றோட்டமுள்ள ஹெட்போன்

காதுக் கிண்ணத்தின் வெளிப்புறம் மூடப்படாமல் வலைபோலத் திறந்திருக்கும் ஹெட்போனை முதன்முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம். 1968இல் வந்த அந்த எச்டி 414 மாடலின் அடையாளம் அதன் மஞ்சள் நுரைப்பஞ்சு. காற்று அடைபடாததால் காது புழுங்காது. ஒலியும் விசாலமாகக் கேட்கும். மணிக்கணக்கில் ஆடியோ எடிட்டிங் செய்பவர்களுக்கு இது பெரிய வரம்.

லேப்டாப்பில் செருகும் முன் ஹெட்போனின் மின்மறுப்பைக் குறிக்கும் ஓம் எண்ணைப் பாருங்கள். பலர் விரும்பும் சென்ஹைசர் எச்டி 600இன் மின்மறுப்பு 300 ஓம். பல லேப்டாப்கள் தரும் மின்னழுத்தம் அதற்குப் போதாமல் ஒலி சன்னமாகிவிடும். யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸோ தனி ஆம்ப்ளிஃபயரோ தேவைப்படும். ஓம் குறைந்தால் மட்டும் போதாது, டெசிபலில் சொல்லப்படும் உணர்திறனும் அதிகமாக இருக்க வேண்டும். விளம்பரங்கள் இதை அழுத்திச் சொல்வதில்லை.

எடையைவிடப் பக்கவாட்டு இறுக்கம்தான் தலைவலி தரும். மூக்குக் கண்ணாடி அணிபவர்கள் அதை அணிந்தபடியே, அரை மணி நேரமாவது மாட்டிப் பார்த்து வாங்குவது நல்லது. மென்துணி உறையிட்ட மெத்தையில், தோல் உறையைவிடக் காது குறைவாக வியர்க்கும்.

குரல் பதிவுக்கு மட்டும் இந்தத் திறந்த ரகம் வேண்டாம். கசியும் ஒலி மைக்கில் புகுந்துவிடும். அதற்கு மூடிய ரகம்தான்.