ஐப்பசி மழை கடனைத் தீர்க்குமா?

ஆடியும் ஆவணியும் வானம் பொய்த்துக் கழிந்த ஓர் ஆண்டில், புரட்டாதி பிறந்ததும் எங்கள் கடுகண்ணாவைப் பக்கத்திலே எவரைக் கண்டாலும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "ஐப்பசி எப்படியிருக்கும்?" கிணற்றில் நீர் இறங்கிப்போன வீட்டுக்காரர் அதை நம்பிக்கையோடு கேட்கிறார். செங்குத்தாக வெட்டிய மண்மேட்டின் அடியிலே வீடு கட்டியிருப்பவர் அச்சத்தோடு கேட்கிறார். பாடசாலையொன்றின் பொறுப்பை ஏற்றிருக்கும் என்னைப் போன்றவர்களுக்கோ நம்பிக்கையும் அச்சமும் சேர்ந்தே எழுகின்றன. தண்ணீர்த் தொட்டி நிறையவும் வேண்டும். பிள்ளைகள் பத்திரமாக வீடு சேரவும் வேண்டும்.

இக்கேள்விக்கு ஊரிலே இரண்டு விடைகள் வழங்குகின்றன. "ஆடியில் வைத்த பாக்கியை ஐப்பசி தீர்த்துவிடும்" என்பது ஒன்று. "கெட்ட ஆண்டு கடைசிவரை கெட்ட ஆண்டுதான்" என்பது மற்றொன்று. முன்னது வானத்தை நேர்மையான கடனாளியாகக் கருதுகிறது. பின்னது அதனைத் திருந்தாத பிள்ளையாகக் கருதுகிறது. இவ்வாறு கணிப்பது நம்மவர்க்கு மட்டும் உரிய வழக்கமன்று. கோடைக்காலம் குளிரும் தூறலுமாகக் கழிந்துவிட்டால், இலையுதிர் காலமாவது இனிதாக அமையுமா என்று இங்கிலாந்து மக்களும் ஏங்கிக் கணிப்பதுண்டு. ஜூலை 15ஆம் நாள் அங்கே சுவிதின் என்னும் அடியாரின் திருநாள். அன்று மழை பெய்தால் தொடர்ந்து நாற்பது நாட்கள் பெய்யும் என்பது அவர்களுடைய பழைய நம்பிக்கை. அந்நாட்டு வானிலைப் பதிவுகள் அந்நம்பிக்கையை உறுதிப்படுத்தவில்லை. அவ்வாறாயின் நம்முடைய இரு விடைகளின் நிலை யாது? அதனையே இன்று ஆராய்வோம்.

முதலில் நாம் நிற்கும் இடத்தைப் பார்ப்போம். கொழும்பிலிருந்து கண்டிக்கு வருவோர் மாவனல்லையைக் கடந்து, வளைந்து வளைந்து ஏறும் வீதியின் உச்சியிலே, வீதியமைத்த கப்டன் டோசனின் நினைவுக் கோபுரத்தைக் காண்பார்கள். அதுவே கடுகண்ணாவை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் அமைந்த இம்மலை முகடு ஒரு நீர்பிரி மேடாகும். மேற்கே விழும் மழைத்துளி மா ஓயாவைச் சேர்ந்து மேற்குக் கடலுக்குச் செல்கிறது. கிழக்கே பிலிமத்தலாவைப் பக்கம் விழும் துளி மகாவலி கங்கையை அடைந்து, கிழக்குக் கடலிலே கலக்கிறது. நீரைப் பிரிக்கும் இந்த மேட்டுக்கு மழையும் ஒரே திசையிலிருந்து வருவதில்லை.

மே முதல் செப்டெம்பர் வரை வீசுவது தென்மேற்குப் பருவப்பெயர்ச்சிக் காற்று. அது அரபிக் கடற்பக்கத்து ஈரத்தைச் சுமந்து வந்து மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் மோதி, மேலெழுந்து குளிர்ந்து, மழையாகச் சொரிகிறது. வட்டவளைப் பகுதியில் ஆண்டுதோறும் 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்வதற்கு இக்காற்றே முதற்காரணம். ஆயினும் கண்டி நகரை அடையும்போது அக்காற்று தன் ஈரத்தில் பெரும்பகுதியை முன்னிருக்கும் மலைகளிலேயே இழந்துவிடுகிறது. கண்டி ஈர வலயத்து நகரமாயிற்றே, அதன் பெருமழை ஆடியிலே பெய்வதாகத்தானே இருக்கவேண்டும் எனப் பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. கண்டியில் மிகுதியாக மழை பெய்யும் மாதங்கள் ஒக்டோபரும் நவம்பருமே.

அம்மழை எங்கிருந்து வருகிறது? தெற்கு நோக்கிச் செல்லும் ஞாயிறு செப்டெம்பர் முதல் வாரத்திலே நம் தலைக்கு நேர் மேலாகக் கடக்கிறது. அதன் பின்னே, வடக்குக் காற்றும் தெற்குக் காற்றும் சந்திக்கும் பட்டையும் மெல்ல மெல்லத் தெற்கே இறங்கி நம் தீவின்மேல் வந்து நிற்கிறது. தென்மேற்குக் காற்று தளர்ந்துவிடுகிறது. காலையில் வெயில் நிலத்தைச் சுடுகிறது. சூடேறிய ஈரக்காற்று மேலெழுகிறது. பிற்பகலில் இடியும் மின்னலுமாக மழை கொட்டுகிறது. இதனோடு வங்காள விரிகுடாவில் தோன்றும் தாழமுக்கங்களும் சூறாவளிகளும் சேர்ந்துகொள்கின்றன. இரண்டாவது இடைப்பருவப் பெயர்ச்சிக் காலம் என வளிமண்டலவியலார் வழங்கும் இந்த இரு மாதங்களில், தீவின் பெரும்பகுதி 400 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழையைப் பெறுகிறது.

ஆகவே ஆடி மழையும் ஐப்பசி மழையும் ஒரே களஞ்சியத்திலிருந்து அளக்கப்படுவன அல்ல. ஒன்று மேற்குக் கடலிலிருந்து வீசும் நிலையான காற்றின் கொடை. மற்றது வெயிலும் விரிகுடாவும் கூடி விளைப்பது. ஒருவர் பட்ட கடனை வேறொருவர் தீர்க்கவேண்டும் என்ற நியதி இல்லையன்றோ? வானம் ஐந்தொகை எழுதுவதில்லை.

இதற்கு அண்மைக் காலத்திலிருந்து இரண்டு சாட்சிகளைக் கூறுகிறேன். 2016ஆம் ஆண்டு மே மாத நடுவில் பெருமழை பெய்தது. மே 17ஆம் நாள் இங்கிருந்து தொலைவில்லாத அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து, நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டும் காணாமலும் போயினர். ஆனால் அதன்பின் தென்மேற்கு மழை குன்றியது. ஐப்பசி ஈடுசெய்யும் என்று காத்திருந்தார்கள், ஐப்பசியும் கைவிட்டது. குளங்கள் நிறையாமையால் 2016–17ஆம் ஆண்டின் பெரும்போகத்தில் ஏராளமான வயல்கள் விதைக்கப்படாமலே கிடந்தன. நாற்பது ஆண்டுகளில் கண்டிராத வறட்சி எனப்பட்ட அது பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களை வாட்டியது.

இரண்டாவது சாட்சி 2023ஆம் ஆண்டு. அவ்வாண்டும் ஜூலை, ஓகஸ்ட் மாதங்கள் வறண்டன. உடவளவை விவசாயிகள், வாடும் பயிரைக் காக்கச் சமனல வாவி நீரைத் திறந்துவிடுமாறு ஓகஸ்டில் போராட நேர்ந்தது. ஆனால் அவ்வாண்டின் இறுதி மாதங்களிலோ மழை நிறையப் பெய்தது. பல இடங்களில் வெள்ளமும் மண்சரிவும் ஏற்பட்டன. இரண்டு ஆண்டுகளிலும் ஆடி ஏமாற்றியது. இரண்டிலும் ஐப்பசி வெவ்வேறு விதமாக நடந்துகொண்டது. முதலாண்டைக் கண்டவர் "கெட்டது கெட்டதே" என்பார். இரண்டாமாண்டைக் கண்டவர் "பாக்கி தீர்ந்தது" என்பார். இருவரும் தாம் கண்டதையே சொல்கிறார்கள். ஆனால் இருவர் சொல்வதும் விதியாகாது.

அவ்வாறாயின் முன்கூட்டி அறிய வழியே இல்லையா? ஓரளவுக்கு உண்டு. ஆனால் அவ்வழி கழிந்துபோன ஆடியிலே இல்லை; கடலின் வெப்பநிலையிலே இருக்கிறது. பசிபிக் சமுத்திரத்தின் நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் வழக்கத்துக்கு மேல் வெம்மையடையும் நிலையை எல் நினோ என்பர். குளிர்ச்சியடையும் நிலையை லா நினா என்பர். நம்முடைய இந்து சமுத்திரத்திலும் இதை ஒத்த ஓர் ஊசலாட்டம் உண்டென்பது 1999ஆம் ஆண்டில் ஆய்வாளரால் விளக்கப்பட்டது. சில ஆண்டுகளில் ஆபிரிக்கக் கரைப்பக்கம் கடல் வெம்மையடைந்து, சுமாத்திராப் பக்கம் குளிர்கிறது; சில ஆண்டுகளில் இது தலைகீழாகிறது. இதனை இந்து சமுத்திர இருமுனை நிகழ்வு என்பர்.

எல் நினோவும், மேற்கே கடல் வெம்மையடைந்த நிலையும் சேர்ந்து வரும் ஆண்டுகளில், ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையான நம் மழை மிகுந்திருக்கும் போக்கு காணப்படுகிறது. 1997 அத்தகையது, 2023உம் அத்தகையதே. அதே எல் நினோ ஜூலை, ஓகஸ்ட் மழையைக் குறைக்கும் போக்கும் உடையது. பாக்கியை ஐப்பசி தீர்க்கும் என்ற ஊர்வழக்கு சில ஆண்டுகளில் பலித்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம். 2016இன் பிற்பகுதியில் இதற்கு மாறான நிலை நிலவியது, மழை குறைந்தது. எனவே செப்டெம்பரில் வளிமண்டலவியல் திணைக்களம் வெளியிடும் பருவகால எதிர்வுகூறலை நாம் மதித்துக் கேட்கவேண்டும். குளத்துக்கு எவ்வளவு நீர் வரும், எந்த நெல்லினத்தை விதைக்கலாம் என்று திட்டமிடுவோர்க்கு அது மிகவும் பயன்படும்.

ஆனால், நேயர்களே, மலையிலே வாழும் நாம் ஓர் எச்சரிக்கையை மறவாதிருத்தல் வேண்டும். பருவகால எதிர்வுகூறல் மூன்று மாத மழையின் மொத்தத்தைப் பற்றியது. அதுவும் எப்பக்கம் சாய்வு அதிகம் என்று மட்டுமே சொல்வது. இன்ன நாளில் என்ன நேரும் என்று அது சொல்வதில்லை. 2025ஆம் ஆண்டின் இறுதியை நினைத்துப் பாருங்கள். பசிபிக்கில் மெல்லிய லா நினா நிலவியது. இந்து சமுத்திரத்தில் வெம்மை கிழக்குப் பக்கம் சாய்ந்திருந்தது. கடலின் குறிப்பை மட்டும் நம்பியிருந்தால், மழை குன்றும் பக்கமே தராசு சாய்ந்திருந்தது எனலாம். நடந்தது யாது? நவம்பர் 22ஆம் நாள் காலை, பஹல கடுகண்ணாவையில், கொழும்பு – கண்டி வீதியோரத்துக் கடையொன்றின்மேல் மண்ணும் பாறையும் சரிந்து விழுந்து அறுவர் உயிரிழந்தனர். ஆறு நாட்களின் பின், 28ஆம் நாள், டித்வா சூறாவளி தீவைத் தாக்கியது. நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர்; மாவட்டங்களுள் மிகுதியான உயிரிழப்பு கண்டியிலேயே நேர்ந்தது. வறண்ட பருவத்துக்குள்ளும் ஒரு கொடிய வாரம் மறைந்திருக்கக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மலைச்சரிவு மூன்று மாதக் கணக்கைப் பார்ப்பதில்லை. நேற்றும் இன்றும் பெய்ததையே பார்க்கிறது. ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் அது ஒரு லீற்றர் நீர். அதன் நிறை ஒரு கிலோகிராம். இக்கணக்கின்படி ஓர் ஏக்கர் சரிவிலே 150 மில்லிமீற்றர் மழை பெய்தால், அந்நிலத்தின்மேல் விழுந்த நீரின் நிறை ஏறத்தாழ 600 தொன். அதில் ஒரு பகுதி ஓடிவிடும். ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கும். இறங்கிய நீர் மண்ணின் பாரத்தைக் கூட்டுவதோடு, மண்மணிகளை ஒன்றோடொன்று பற்றியிருக்கச் செய்யும் பிடிப்பையும் தளர்த்துகிறது.

இவ்விடத்திலேதான் ஏமாற்றிய ஆடிக்கும் ஐப்பசிக்கும் ஒரு மெய்யான தொடர்பு உண்டு. நெடுநாள் வெயிலிற் காய்ந்த களிமண் வெடிக்கிறது. அவ்வெடிப்புகள் முதற்பெருமழைக்கு வாயில்களாகின்றன. நீரோடாத காலத்தில் வடிகான்கள் சருகும் குப்பையுமாகத் தூர்ந்துபோகின்றன. மண் உலர்ந்திருப்பதைக் கண்டு, வீட்டின் பின்புறத்து மேட்டை இன்னும் நாலடி வெட்டிக்கொள்ளலாம் என்ற துணிவும் பிறக்கிறது. வானம் நம்மிடம் கடன் வைக்கவில்லை; ஆனால் வறண்ட மாதங்களில் நாம் கவனியாது விட்டவற்றை மழை மாதங்கள் ஒவ்வொன்றாகக் கணக்குக் கேட்கின்றன.

இதற்கு நாம் செய்யக்கூடியது எளிது. நேரான சுவருடைய, அடி தட்டையான ஒரு கண்ணாடிப் பாத்திரத்தைத் திறந்த வெளியில் வையுங்கள். நாள்தோறும் ஒரே நேரத்தில், அதில் நிற்கும் நீரின் உயரத்தை அடிமட்டத்தால் அளந்து எழுதுங்கள். பாடசாலையில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளே இதைச் செய்துவிடுவார்கள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு வகுத்த எல்லைகளை மனத்திற் கொள்ளுங்கள். இருபத்துநான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைக் கடந்தால் விழிப்பாயிருத்தல் வேண்டும். 100ஐக் கடந்தால் புறப்படுவதற்கு ஆயத்தமாதல் வேண்டும். 150ஐக் கடந்தால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75ஐக் கடந்தால், அபாயமான சரிவிலிருந்து உடனே வெளியேறுதல் வேண்டும். நிலத்திலும் சுவரிலும் புதிய வெடிப்புகள், சாய்ந்து நிற்கும் மரங்களும் மின்கம்பங்களும், திடீரெனத் தோன்றும் ஊற்று, தெளிந்திருந்த ஊற்று கலங்குதல் அல்லது நின்றுபோதல் ஆகியவற்றைக் கண்டால், அளவைப் பாராமலே புறப்பட்டுவிடுங்கள். அதிகாரிகளின் அறிவித்தல் வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டா.

ஒரு பாடசாலை அதிபருக்கு மழைநாளிலே வரும் கடினமான முடிவு யாதெனில், பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புவதா, பாடசாலையிலேயே வைத்திருப்பதா என்பதாகும். மேலே உள்ள வானத்தை மட்டும் பார்த்து அம்முடிவை எடுத்தல் இயலாது. எந்தப் பிள்ளையின் வீடு எந்த மேட்டின் அடியில் இருக்கிறது, போகும் வழியில் எந்த ஓடை பெருகும் என்பன முன்னரே தெரிந்திருத்தல் வேண்டும். அப்பட்டியலைத் தயாரிக்கும் காலம் ஐப்பசியன்று; வெயில் எறிக்கும் புரட்டாதியே.

ஆகையால் அடுத்த முறை "ஐப்பசி எப்படியிருக்கும்?" என்று எவரேனும் கேட்டால், கடலின் குறிப்பை அறிந்த அளவிலே சொல்லுங்கள். சொல்லிவிட்டு, "உங்கள் வீட்டு வடிகானைத் துப்புரவாக்கினீர்களா? பின்புறத்து மேட்டிலே வெடிப்பு ஏதேனும் உண்டா?" என்று நீங்களும் திருப்பிக் கேளுங்கள். முதற் கேள்விக்கு விடை சொல்ல மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். உங்கள் கேள்விக்கு அவர் இன்று மாலையே மண்வெட்டியோடு போய் விடை காணலாம்.