மேடை ஏறாத உரை

1936-ல் லாகூரில் ஒரு மாநாட்டுக்காக எழுதப்பட்ட தலைமையுரையை யாரும் அரங்கில் உட்கார்ந்து கேட்கவில்லை. ஆனால் சாதியைப் பற்றி இந்த நாட்டை அதிகம் பேச வைத்த உரை எது என்று கேட்டால், அதைத்தான் சொல்ல வேண்டும். பஞ்சாபில் சாதி இந்துச் சீர்திருத்தக்காரர்கள் நடத்திய ஜாத்-பாத் தோடக் மண்டல், சாதி ஒழிப்புக்கென்றே தொடங்கப்பட்ட அமைப்பு. அதன் ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை தாங்க டாக்டர் அம்பேத்கரை அழைத்தார்கள். உரையை முன்கூட்டியே படித்துப் பார்த்தபோது, வேதங்களையும் சாஸ்திரங்களையும் பற்றிய பகுதிகள் அவர்களுக்கு உறுத்தின. இந்துவாகச் சாகமாட்டேன் என்று 1935 அக்டோபரில் யேவலாவில் அறிவித்திருந்தவர், இந்துவாக இருந்து தாம் பேசும் கடைசி உரை இதுவாகலாம் என்ற குறிப்பையும் இதில் வைத்திருந்தார். சில இடங்களை நீக்கித் தரும்படி கேட்டார்கள். ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற முடியாது என்று அவர் பதில் எழுதினார். மாநாடு நின்றுபோனது. அந்த ஆண்டு மே மாதமே அம்பேத்கர் தம் சொந்தச் செலவில் 1,500 பிரதிகள் அச்சிட்டு, எட்டணா விலை வைத்து வெளியிட்டார்.

கைதட்டல் அரங்கத்தோடு முடிந்துவிடும். ஓர் உரை ஊரெல்லாம் போய்ச் சேர வேண்டுமானால், அது முழுதாக அச்சில் நிற்க வேண்டும். அதை மறுக்க நினைப்பவர் வரி வரியாக எடுத்து மறுக்க வழி இருக்க வேண்டும். இந்த உரைக்கு இரண்டும் வாய்த்தன. காந்தி 1936 ஜூலையில் தமது ‘ஹரிஜன்’ இதழில் இதை எடுத்துக்கொண்டார். எந்தச் சீர்திருத்தக்காரரும் இந்த உரையைப் புறக்கணிக்க முடியாது என்றார். எட்டணா அதிகம், இரண்டணாவுக்கோ நாலணாவுக்கோ குறைக்கலாம் என்றும் யோசனை சொன்னார். மறுத்து எழுதப்போகிறவரே, மறுக்கப்போகும் நூல் இன்னும் பலர் கைக்குப் போகட்டும் என்று விரும்பியிருக்கிறார்! அதற்குப் பிறகுதான் வாதம். சாதிக்கும் மதத்துக்கும் சம்பந்தமில்லை, வருணம் என்பது வழிவழி வந்த தொழிற்கடமை, ஒரு மதத்தை அதன் மோசமான உதாரணங்களை வைத்து எடைபோடக் கூடாது என்பவை காந்தியின் மறுப்புகள். அம்பேத்கர் சளைக்காமல் பதில் எழுதினார். 1937-ல் வந்த இரண்டாம் பதிப்பில் காந்தியின் விமர்சனத்தையும் தம் பதிலையும் சேர்த்தே அச்சிட்டார். வாங்கிய வாசகருக்கு வழக்கின் இரு தரப்பும் ஒரே நூலில் கிடைத்தன. நாடு பேசத் தொடங்கியது இப்படித்தான்.

மண்டல் கேட்டதை நீக்கிக்கொடுத்து, மற்றதையாவது மேடையில் சொல்லியிருக்கலாமே என்று இன்றும் கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் உரையைப் படித்தால் விடை தெரியும். சாதி வேலையைப் பிரிப்பதோடு நிற்பதில்லை, வேலை செய்பவர்களையே பிரித்துப் போடுகிறது என்று அவர் ஆரம்பத்திலேயே காட்டுகிறார். சமபந்தி விருந்தால் அது போகாது, கலப்புமணமே மருந்து என்கிறார். மக்கள் ஏன் கலப்புமணம் செய்வதில்லை? அவர்கள் கொடியவர்கள் என்பதால் அல்ல, சாஸ்திரங்களைப் புனிதமென்று நம்புவதால். அந்த நம்பிக்கையைக் கேள்வி கேட்காமல் சாதியை ஒழிக்க முடியாது. நீக்கச் சொன்ன பகுதி இந்த வாதத்தின் முதுகெலும்பு. அதை உருவிவிட்டால் மிஞ்சுவது மாநாட்டுக்கு மாநாடு கைதூக்கி நிறைவேற்றும் தீர்மானம் ஒன்று.

நிகழ்த்தவே இல்லை, அப்புறம் எப்படி அது உரை என்றும் சொல்வார்கள். பக்கத்துக்குப் பக்கம் அது எதிரே உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து ‘நீங்கள்’ என்று பேசுகிறது. தம்மை அழைத்த சாதி இந்துக்களிடமே நேரில் சொல்ல எழுதியது அது. அந்தத் தொனியை மாற்றி ஆய்வுக்கட்டுரையாக்கியிருந்தால் இவ்வளவு தூரம் தைத்திருக்காது.

பத்துப் பேரில் ஒருவருக்குக்கூட எழுத்தறிவு இல்லாத நாட்டில், ஆங்கிலத்தில் 1,500 பிரதி போட்டதை நாடு தழுவிய விவாதம் எனலாமா? பிரதிகள் இரண்டே மாதத்தில் தீர்ந்தன. குஜராத்தியிலும் தமிழிலும் மொழிபெயர்ப்பு வந்துவிட்டதென்றும், மராத்தி, இந்தி, பஞ்சாபி, மலையாள மொழிபெயர்ப்புகள் நடந்து வருகின்றனவென்றும் இரண்டாம் பதிப்பின் முன்னுரை சொல்கிறது. தமிழில் அதைக் கொண்டுவந்தது பெரியாரின் ‘குடிஅரசு’. லாகூரில் வாசல் சாத்தப்பட்ட உரைக்கு ஈரோட்டில் கதவு திறந்தது. இது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி.

சாதி ஒழிந்துவிட்டதா என்று கேட்டால், இல்லை. ஆணவக் கொலைச் செய்தியை இன்னும் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஓர் உரையால் அதை ஒழிக்க முடியாது. ஆனால் மதத்தைத் தொடாமல் சாதியை மட்டும் பேசிவிட்டுப் போகும் வசதி அதற்குப் பிறகு யாருக்கும் இல்லை. காந்தியே 1946 வாக்கில், மணமக்களில் ஒருவராவது ஹரிஜனாக இருந்தால்தான் சேவாகிராமத்தில் திருமணம் என்ற நிலைக்கு வந்தார். அந்த மாற்றத்துக்கு இந்த ஒரு வாதமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் இந்த வாதத்துக்கு அதில் பங்கே இல்லை என்று நம்பவும் முடியவில்லை.

நம் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் ஆண்டுதோறும் எத்தனையோ அறக்கட்டளைச் சொற்பொழிவுகள் நடக்கின்றன. பொன்னாடை போர்த்துகிறார்கள், நன்றியுரையோடு கலைந்து போகிறார்கள். அவற்றை நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பேசியதை முழுதாக அச்சிடுங்கள். அதை ஏற்காத ஒருவரிடம் மறுப்பு கேட்டு வாங்கி, அதே நூலில் சேருங்கள். விலையை மாணவர் வாங்கும்படி வையுங்கள்.