அழகர்மலையில் தேடல், அப்பா பெயரில் கணக்கு

பழமுதிர்சோலைக்கு ஏறும் பாதையில் எதை ஒளித்து வைத்தாலும் அதை முதலில் கண்டுபிடிப்பது குரங்குதான். வாட்டர் பாட்டில், அர்ச்சனைப் பை, குழந்தை கையில் உருகிக்கொண்டிருக்கும் ஐஸ்கிரீம் என்று எதையும் விட்டுவைக்காத கூட்டம் அது. ‘ஜியோகேச்சிங்’ என்ற புதையல் விளையாட்டைப் பிள்ளைகளோடு அழகர்கோவிலில் ஆடிப் பார்க்கலாம் என்று கிளம்பும் மதுரைக்காரர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் குரங்கைவிடப் பெரிய சிக்கல் ஒன்று, வீட்டைவிட்டுக் கிளம்பும் முன்பே செல்போன் திரையில் காத்திருக்கிறது. ‘கணக்கைத் தொடங்குக’ என்று கேட்கும் அந்தக் கட்டத்தில் யார் பெயரைப் போடுவது?

விளையாட்டு எளிது. ஒருவர் ஒரு டப்பாவை எங்காவது மறைத்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையதளத்தில் போடுவார். மற்றவர்கள் செல்போனைப் பிடித்துக்கொண்டு அந்த எண்களைத் தேடிப் போவார்கள். டப்பாவுக்குள் ஒரு சின்ன நோட்டு இருக்கும். அதில் பெயரும் தேதியும் எழுத வேண்டும். கூடவே கிடக்கும் சாவிக்கொத்து, கோலிக்குண்டு மாதிரிப் பொருள்களில் ஒன்றை எடுத்தால் அதே மதிப்பில் ஒன்றை வைக்க வேண்டும். தின்பண்டம் வைக்கக் கூடாது. டப்பாவை இருந்த இடத்திலேயே இருந்தபடியே வைத்துவிட்டு, பிறகு இணையதளத்தில் ‘கண்டுபிடித்தேன்’ என்று பதிய வேண்டும். கிச்சுக்கிச்சுத் தாம்பாளம் ஆடி வளர்ந்த தலைமுறைக்கு இது ஒன்றும் புரியாத வித்தை அல்ல. மணல் வரப்பு ஊரளவு நீண்டுவிட்டது, அவ்வளவுதான்.

இதற்குப் பிறந்த நாள் உண்டு. அதுவரை பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சமிக்ஞையை அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே மங்கலாக்கி வைத்திருந்தது. கருவி காட்டும் இடம் 100 மீட்டர் வரைகூடத் தள்ளியிருக்கும். 2000 மே மாதம் 2ஆம் தேதி, அதிபர் கிளிண்டனின் உத்தரவுப்படி அந்த மங்கல் நீக்கப்பட்டது. மறுநாளே ஒரேகான் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியில் சில பொருள்களைப் போட்டு மறைத்து வைத்து, எண்களை இணையத்தில் அறிவித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் ஜெரமி ஐரிஷ் இதற்கென்று ஓர் இணையதளம் தொடங்கினார். இன்று உலகம் முழுக்க 30 லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களில் இப்படி மறைத்து வைத்திருக்கிறார்கள்.

அந்த வாளி ஒளிக்கப்படுவதற்குப் பன்னிரண்டு நாள் முன்னால், 2000 ஏப்ரல் 21 அன்று, அமெரிக்காவில் இன்னொன்று நடைமுறைக்கு வந்தது. 13 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் விவரங்களைப் பெற்றோர் சம்மதமின்றி இணையதளங்கள் திரட்டக் கூடாது என்ற சட்டம். நிறைவேறியது 1998இல். நம் பிள்ளைகள் எந்தச் செயலியைத் திறந்தாலும் எதிரே நிற்கும் அந்தப் ‘பதின்மூன்று’ அங்கிருந்து வந்தது. பதின்மூன்று வயதில் பிள்ளைக்குப் பக்குவம் வந்துவிடும் என்று யாரும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. ஒரு நாட்டுச் சட்டம் வகுத்த எல்லை, மற்ற நாடுகளுக்கும் வழக்கமாகிவிட்டது.

நம் நாட்டுச் சட்டம் இன்னும் கறார். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, 18 வயது நிறையாத எவரும் குழந்தைதான். அதன் 9ஆம் பிரிவுப்படி, அவர்களுடைய விவரங்களைக் கையாள, சரிபார்க்கத்தக்க வகையில் பெற்றோர் சம்மதம் வேண்டும். அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது. மீறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை போகலாம். இதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசமும் கொடுத்திருக்கிறார்கள். ஆக, சட்டம் காகிதத்திலிருந்து இறங்கி வரும்வரை பொறுப்பு பெற்றோர் தலையில்தான்.

அந்தப் பொறுப்பை நாம் எப்படி நிறைவேற்றுகிறோம் என்பது ஊரறிந்த ரகசியம். எட்டு வயதுப் பெண்ணுக்குக் கணக்கு தொடங்கும்போது பிறந்த ஆண்டைப் பத்து வருடம் பின்னால் தள்ளிப் போடுகிறோம். “சும்மா போடும்மா, யாரு வந்து பாக்கப்போறா?” என்று பிள்ளையிடமே சொல்கிறோம். யாரும் வந்து பார்ப்பதில்லை, உண்மைதான். ஆனால் கம்ப்யூட்டர் அதை நம்பிவிடுகிறது. அதன் கணக்கில் அன்றைக்கே அவளுக்கு வயது 18. அவள் உண்மையில் பதின்மூன்றைத் தொடும்போது அதற்கு அவள் 23 வயது இளம்பெண்; அந்த வயதுக்கான விளம்பரம், அந்த வயதுக்கான அறிமுகங்கள் எல்லாம் வரிசையாக வரும். குழந்தைகளுக்கென்று வைத்த பாதுகாப்பு எதுவும் அவளை எட்டாது.

ஜியோகேச்சிங்கில் இது மற்ற விளையாட்டுகளைவிடக் கூர்மையான பிரச்சினை. காரணம், இங்கே ஆட்டமே இடத்தைப் பற்றியது. எந்தத் தேதியில் எந்த இடத்தில் எதைக் கண்டுபிடித்தார் என்பது ஒருவருடைய பெயரின் கீழ் வரிசையாகச் சேரும். நான்கு ஞாயிற்றுக்கிழமைகளின் பதிவைப் பார்த்தாலே, இந்தப் பிள்ளையின் வீடு புதூர் பக்கமா திருநகர் பக்கமா என்று ஊகித்துவிடலாம். டப்பாவைக் கண்டுபிடித்த சூட்டோடு பதிந்தால், இந்த நிமிடம் பிள்ளை எங்கே நிற்கிறது என்பதையும் சொன்னதாகிறது. முன்பின் தெரியாதவர் செய்தி அனுப்பவும் வசதி உண்டு. இந்த விளையாட்டுக்காரர்களில் பெரும்பாலோர் நல்லவர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஊரில் பெரும்பாலோர் நல்லவர்கள் என்பதற்காக யாரும் வீட்டுச் சாவியை வாசலில் தொங்கவிடுவதில்லை.

அப்படியானால் பிள்ளைகள் ஏன் தனிக்கணக்குக் கேட்கிறார்கள்? அந்த மஞ்சள் சிரிப்பு முகத்துக்காகத்தான். கண்டுபிடித்ததைப் பதிந்ததும் வரைபடத்தில் அந்த இடம் ஒரு சிரிப்பு முகமாக மாறும். எண்ணிக்கை ஒன்று கூடும். அண்ணன் கணக்கில் ஏறினால் தங்கைக்கு ஆகாது. “நான்தானப்பா மொதல்ல பாத்தேன், அவனுக்கு மட்டும் எப்படி?” என்ற சண்டை மாட்டுத்தாவணி திரும்பும்வரை பேருந்தில் ஓயாது. கோரிக்கை நியாயமானது. அதைத் தீர்க்க இணையத்துக்குப் போக வேண்டியதில்லை என்பதுதான் நான் சொல்ல வருவது.

அப்பாவோ அம்மாவோ தன் பெயரில், தன் உண்மையான வயதில், ஒரு கணக்கு தொடங்கட்டும். பயனர் பெயரில் குடும்பப் பெயரோ தெருவோ பள்ளியோ பிறந்த ஆண்டோ வேண்டாம். பிள்ளைகளே கூடிப்பேசி ஒரு குழுப்பெயர் வைத்துக்கொள்ளலாம். உலகம் முழுக்கப் பல குடும்பங்கள் இப்படித்தான் ஆடுகின்றன. பதிவது வீட்டுக்கு வந்த பிறகு, பெரியவர் கையால். படம் போட்டால் பிள்ளையின் முகமும் சீருடையும் அதில் வேண்டாம். தனித்தனி எண்ணிக்கைக்கு ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு: தேதி, இடம், யார் கண்ணில் முதலில் பட்டது, உள்ளே என்ன இருந்தது. சிரிப்பு முகத்தை அவர்களே வரைந்துகொள்ளலாம். டப்பாவுக்குள் இருக்கும் நோட்டிலும் குழுப்பெயருக்குப் பக்கத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தன் செல்லப்பெயரைத் தன் கையாலேயே எழுதட்டும்.

பெயர் எழுதும் ஆசை அழகர்மலைக்குப் புதிதல்ல. மலையின் கிடாரிப்பட்டிப் பக்கக் குகையில், கற்படுக்கைகளின் மேலே தமிழி எழுத்தில் கல்வெட்டுகள் இருக்கின்றன. வயது இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேல். சமண முனிவர்கள் தங்கிய அந்த இடத்துக்குக் கொடை தந்தவர்கள் தங்கள் பெயரையும் தொழிலையும் அதில் பொறித்திருக்கிறார்கள்: மதுரைப் பொற்கொல்லர், உப்பு வணிகர், கொழு விற்றவர், துணி விற்றவர். கடைத்தெரு ஒன்று அப்படியே மலையேறி வந்து கையெழுத்துப் போட்டதைப் போல இருக்கும். அதே மாதிரிப் பாறைகளில் இன்றைக்குப் பெயின்ட்டாலும் ஆணியாலும் காதலர் பெயர்களைக் கிறுக்கி வைத்திருப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. மலைக்குப் போனால் பெயரைத் தாளில்தான் எழுத வேண்டும் என்று ஏழு வயதில் பழகும் பிள்ளை, பதினேழு வயதில் பாறையைத் தொடாது என்று நம்பிப் பார்க்கலாம். மதுரைச் சுற்றுவட்டாரத்தின் இத்தகைய இடங்களுக்கு எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணனின் ‘பசுமை நடை’ 2010 முதல் குடும்பம் குடும்பமாக ஆட்களை அழைத்துப் போகிறது. அங்கே ஓடித் திரியும் பிள்ளைகளுக்கு டப்பா இல்லாமலே தேடல் நடக்கிறது.

டப்பா விஷயத்தில் அழகர்கோவிலுக்கென்று என் கட்சி கண்டிப்பானது: வைக்கவே கூடாது. மலை காப்புக்காடு. கீழே கோயில். சித்திரைத் திருவிழாவில் லட்சக்கணக்கில் ஆள் திரளும் ஊரில் கேட்பாரற்ற ஒரு டப்பாவைப் பார்த்தால் போலீஸ் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. இங்கிலாந்தின் வெதர்பி நகரில் 2011இல் இப்படி ஒளித்த ஒரு சின்ன டப்பாவை வெடிகுண்டு என்று நினைத்துத் தெருவையே காலி செய்து வெடிக்க வைத்தார்கள். இடத்துக்கு உரியவரின் அனுமதி வேண்டும், மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது என்பதெல்லாம் விளையாட்டின் சொந்த விதிகளே.

டப்பா இல்லாத வகை ஒன்று இருக்கிறது. அமெரிக்க நிலவியல் சங்கத்தின் துணையோடு 2004இல் தொடங்கிய ‘எர்த்கேச்’சில், குறிப்பிட்ட இடத்துக்குப் போய்ப் பாறையையோ அருவியையோ பார்த்துக் கேள்விக்குப் பதில் அனுப்ப வேண்டும். இதையே குடும்பத்துக்குள் ஆடினால் எந்த இணையதளமும் வேண்டாம், எந்தக் கணக்கும் வேண்டாம். தாத்தாவோ சித்தப்பாவோ முந்தின வாரமே ஒரு நடை போய், கூகுள் மேப்ஸில் விரலை அழுத்திப் பிடித்தால் வரும் எண்களைக் குறித்துவந்தால் போதும். ஐந்து இடம், ஐந்து கேள்வி. கோட்டைச் சுவருக்கு ஒன்று. பதினெட்டாம்படிக் கருப்பனுக்கு ஒன்று: சாத்திய கதவில் என்ன பூசியிருக்கிறார்கள்? சந்தனம் என்று பிள்ளை ஓடிவந்து சொல்லும். கதவு ஏன் சாத்தியே இருக்கிறது என்று திருப்பிக் கேட்கும். தாத்தா கதையைத் தயாராக வைத்திருக்க வேண்டும். சிலம்பாற்றுத் தண்ணீர் விழும் ராக்காயி அம்மன் கோயிலில் ஒன்று. நடுவில் கோயில் தோசைக்கு ஒரு நிறுத்தம், அதற்குக் கேள்வி கிடையாது.

இதில் கணக்குப் பாடமும் ஒளிந்திருக்கிறது. அட்சரேகை எண்ணில் புள்ளிக்குப் பின் நாலாவது இலக்கம் ஒன்று மாறினால் தரையில் சுமார் 11 மீட்டர். ஐந்தாவது மாறினால் ஒரு மீட்டருக்குச் சற்று மேல். மரநிழலிலும் மலைச்சரிவிலும் போன் பத்திருபது மீட்டர் தடுமாறும். பக்கத்தில் வந்ததும் போனைப் பையில் போட்டுவிட்டுக் கண்ணால் தேட வேண்டும் என்று பிள்ளை தானே கற்றுக்கொள்ளும். சந்நிதிக்குள் போனுக்கே இடமில்லை; கோயில்களுக்குள் செல்போனைத் தடைசெய்யச் சொல்லி உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. கேள்விகளை வாசலோடு முடித்துக்கொள்வதே முறை.

பிள்ளை வளரும், ஒருநாள் தன் பெயரில் கணக்கு வேண்டும் என்று உறுதியாகக் கேட்கும். அதுவரை தள்ளிப்போட்டதில் அதற்கு ஒரு நஷ்டமும் இல்லை. பதிவிடும்போது தேதியைப் பின்னோக்கிப் போட இந்த விளையாட்டில் வழி இருக்கிறது. டப்பாவில் கையெழுத்து இருந்தால் போதும், எத்தனை வருடம் கழித்தும் அது அந்தப் பிள்ளையின் கண்டுபிடிப்புத்தான். அந்த வேளை வந்ததும் தளத்தின் வயது விதியைச் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். உண்மையான பிறந்த ஆண்டைப் போடுங்கள். வீட்டின் இருப்பிடத்தைக் கேட்கும் கட்டத்தில் ஊர் நடுவிலுள்ள ஏதாவது பொது இடத்தைக் கொடுங்கள். பிறகு பழைய நோட்டுகளை எடுத்து முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக ஏற்றச் சொல்லலாம். ஒரு மழைக்கால ஞாயிற்றுக்கிழமைக்கு நல்ல வேலை.