பல்லைச் சுத்தம் செய்தால் ஆடுமா?

கொய்யாப்பழத்தை ஒரு கடி கடித்தேன். சதையில் சிவப்பாகத் திட்டு. பக்கத்திலிருந்த என் மகள், "உள்ளே சிவப்பா இருக்கிற கொய்யாவாம்மா?" என்றாள். பழம் வெள்ளைதான், ரத்தம் என்னுடையது.

பல் தேய்த்தால் ரத்தம் வருவது எனக்கு நாலைந்து வருடப் பழக்கம். வலி இல்லை, அதனால் கவலையும் இல்லை. தவிர, "மெஷினை வச்சுச் சுத்தம் பண்ணினா நல்ல பல்லும் ஆடிப்போகும்" என்று என் அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாள். ஒரு தடவைகூடச் சுத்தம் செய்துகொள்ளாத அம்மாவுக்கு ஐம்பது வயதில் பல்செட்! இதை நான் யோசித்ததே இல்லை, பாருங்களேன்.

கீழ் முன்பல் ஒன்று நாக்குப் பட்டாலே அசைய ஆரம்பித்த பிறகுதான் போனேன். டாக்டரம்மா மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் விட்டு அளந்தார். மூன்று வரை இருக்கலாமாம். எனக்குச் சில இடங்களில் ஆறு! தினம் படிகிற அழுக்கு காரையாக இறுகி, ஈறு பல்லை விட்டுப் பிரிந்து பை மாதிரி ஆகி, உள்ளே வேரிலும் காரை ஒட்டியிருந்தது. பிரஷ் அங்கே எட்டாது. அப்படியே விட்டால் பல்லைத் தாங்குகிற எலும்பு கரையும். பல்லை ஆட்டுவது அதுதான்.

"காரை முட்டுக் கொடுத்த மாதிரி நிக்குது. எடுத்ததும் கொஞ்ச நாள் ஆடுற மாதிரி தோணும், பயப்படாதீங்க. சர்க்கரை இருக்கான்னும் பார்த்துடுங்க. இருந்தா ஈறு சீக்கிரம் ஆறாது" என்றார். நல்லவேளை, இல்லை.

மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு நாள் வலது பக்கம், அடுத்த வாரம் இடது பக்கம். மெஷின் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு ஓடியது. பிறகு வளைந்த சின்னக் கருவியை ஈறுக்குள் விட்டு வேரைச் சுரண்டினார். வலி தெரியவில்லை, அடிப்பிடித்த சட்டியைச் சுரண்டுகிற சத்தம்தான் மண்டைக்குள்!

சில நாள் கழித்துக் கண்ணாடியில் பார்த்தால் பல்லுக்குப் பல் சந்து. தண்ணீர் பட்டால் கூச்சம் வேறு. அம்மா சொன்னதுதான் சரியோ என்று அழுகையே வந்துவிட்டது. டாக்டரிடம் ஓடினேன். வீங்கியிருந்த ஈறு வற்றியிருக்கிறது, காரை அடைத்திருந்த இடம் தெரிகிறது, கூச்சம் போகப்போகக் குறையும் என்றார். அந்தச் சந்துக்கென்றே குட்டி பிரஷ் விற்கிறது. ராத்திரி சமையலறையை மூடிவிட்டு அதையும் போட வேண்டியிருக்கிறதே என்று ஆரம்பத்தில் சலிப்புத்தான்.

ஆறு வாரம் கழித்து அளந்தபோது பல இடங்களில் ஆறு நாலாகியிருந்தது. ரத்தம் நின்றுவிட்டது. முன்பல் மட்டும் இன்னும் லேசாக ஆடுகிறது. கரைந்துபோன எலும்பு சுத்தம் செய்வதால் திரும்பி வராதாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்.

அடுத்த தடவை என் தங்கையையும் இழுத்துக்கொண்டு போகப் போகிறேன். அவளுக்கும் பல் தேய்த்தால் ரத்தம் வருகிறது. கேட்டால், "ஆடிப்போயிடுமே அக்கா!" என்கிறாள்.