தவணை ஏறவில்லை, கடன் நீண்டது

2021-இல் ஏழு சதவீத வட்டிக்கு வீட்டுக் கடன் வாங்கியவர்களிடம் மாதத் தவணை எவ்வளவு என்று கேட்டால் ரூபாய் சுத்தமாகச் சொல்வார்கள். கடன் எந்த வருடம் முடிகிறது என்று கேட்டால் யோசிப்பார்கள். "இருபது வருஷம்தானே போட்டோம்?" என்று நம்மையே திருப்பிக் கேட்பவர்களும் உண்டு. இடையில் அந்த இருபது வருடத்துக்கு என்ன ஆனது என்பதை அவர்களுக்கு யாரும் விளக்கிச் சொல்லவில்லை.

கொரோனா காலத்தில், 2020 மே மாதம், ரிசர்வ் வங்கி, தான் வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனுக்கான வட்டியான ரெப்போ விகிதத்தை 4 சதவீதமாக இறக்கியது. வீட்டுக் கடன் வட்டியும் கூடவே இறங்கியது. இரண்டு வருடம் அப்படியே ஓடியது. 2022 மே மாதம் ஏற ஆரம்பித்த ரெப்போ, 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதத்தில் போய் நின்றது. ஒரு வருடத்துக்குள் இரண்டரை சதவீத ஏற்றம். நம் ஊரில் வீட்டுக் கடன் பெரும்பாலும் ஏறி இறங்கும் ஃப்ளோட்டிங் வட்டியில்தான் கொடுக்கப்படுகிறது. அதனால் அந்த ஏற்றம் முழுவதும் கடன் வாங்கியவர் தலையில் வந்து இறங்கியது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 லட்சம் ரூபாய், 20 வருடம், 7 சதவீதம். மாதத் தவணை 23,259 ரூபாய். ஒரு வருடம் ஒழுங்காகக் கட்டியபின் பாக்கி அசல் ஏறக்குறைய 29 லட்சத்து 29 ஆயிரம். இப்போது வட்டி 9.5 சதவீதம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பாக்கிக்கு ஒரு மாத வட்டி மட்டுமே 23,185 ரூபாய். தவணையை மாற்றாமல் விட்டால் அசலுக்குப் போய்ச் சேர்வது 74 ரூபாய். அந்த வேகத்தில் கடன் அடைய இன்னும் அறுபது வருடம் ஆகும். மீதி 19 வருடத்துக்குள்ளேயே முடிக்க வேண்டுமானால் தவணை 27,800 ரூபாயை ஒட்டி வந்திருக்க வேண்டும்.

நிஜத்தில் ஏற்றம் படிப்படியாக வந்தது. ஓய்வு பெறும் வயதைத் தாண்டி காலத்தை நீட்ட வங்கிகளும் பொதுவாக ஒப்புவதில்லை. ஆகவே அறுபது வருடம் என்று யாருக்கும் எழுதிக் கொடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் ஐந்து, எட்டு, பத்து வருடம் என்று சத்தமில்லாமல் நீண்டது ஏராளமான குடும்பங்களுக்கு நடந்தது. கணக்கிலிருந்து மாதாமாதம் போகும் தொகை மாறவில்லை என்பதால் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

இதைக் கண்டுதான் 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வதா என்று கடன் வாங்கியவரைக் கேட்க வேண்டும். காலத்தை நீட்டும்போது, கட்டும் தவணை அந்த மாத வட்டிக்கே போதாத நிலை வரக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கும் கணக்கு அறிக்கையில் இதுவரை வசூலித்த அசல், வட்டி, இன்னும் எத்தனை தவணை பாக்கி என்பதெல்லாம் இருக்க வேண்டும். நல்ல விதி. ஆனால் 'கேட்பது' என்பது பல சமயம் ஒரு குறுஞ்செய்தியோடு முடிந்துவிடுகிறது. பதில் போடாவிட்டால் வங்கி தனக்கு வசதியானதைச் செய்துகொள்ளும். வீட்டுக் கடன் உள்ளவர் இந்த வாரமே செய்ய வேண்டிய ஒரு வேலை, அந்த அறிக்கையை எடுத்து 'பாக்கித் தவணைகள்' என்ற எண்ணைப் பார்ப்பது.

வட்டி இறங்கும் காலத்தில் இதே கேள்வி தலைகீழாக வருகிறது. 2025 பிப்ரவரியிலிருந்து டிசம்பருக்குள் ரெப்போ 6.5-லிருந்து 5.25 சதவீதத்துக்கு வந்தது. 2024-இல் 8.5 சதவீதத்துக்கு 30 லட்சம் வாங்கி 20 வருடம் போட்டவரின் தவணை 26,035 ரூபாய். வட்டி 7.25 ஆனால், ஏறக்குறைய முழுக் கடனும் பாக்கி இருக்கும் நிலையில், அவர் தவணையை 23,700 ரூபாய் அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம். அல்லது பழைய தவணையையே கட்டி மூன்றரை வருடம் முன்னதாக முடிக்கலாம். இரண்டுக்கும் மொத்த வட்டியில் வித்தியாசம் ஐந்து லட்சத்துக்கு மேல். சம்பளம் நிலையாக வருகிறவர்கள் தவணையைத் தொடாமல் விடுவதே நல்லது என்பது என் உறுதியான எண்ணம். சொந்தத் தொழில் செய்கிறவர்கள், கையில் ஆறு மாதச் செலவுக்குக் கூடச் சேமிப்பு இல்லாதவர்கள் விஷயம் வேறு. அவர்கள் தவணையைக் குறைத்துக்கொண்டு, பணம் வரும்போது அசலில் கட்டலாம். தனிநபரின் ஃப்ளோட்டிங் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது.

அசலில் கட்டுவதற்கு ஆரம்ப வருடங்களே சரியான காலம். மேலே சொன்ன 26,035 ரூபாய்த் தவணையில் முதல் மாதம் வட்டிக்குப் போவது 21,250. வருடம் முழுக்க மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம் கட்டியும் அசலில் குறைவது அறுபதாயிரத்துக்குச் சற்றுக் கீழே. வட்டி 8.5-லேயே நின்றால், பத்து வருடம் கட்டிய பிறகும் ஏறக்குறைய 21 லட்சம் பாக்கி இருக்கும். முதல் வருட முடிவில் ஒரு இரண்டு லட்சத்தை அசலில் போட்டால் கடைசியில் 34 தவணைகள் குறைகின்றன, வட்டியில் ஆறே முக்கால் லட்சத்துக்கு மேல் மிச்சம். பதினெட்டாவது வருடத்தில் அதே இரண்டு லட்சத்தைக் கட்டினால் மிஞ்சுவது சொற்பம். 'வரிச் சலுகை போய்விடும், கடனை வைத்துக்கொள்' என்று சொல்பவர்கள் உண்டு. பழைய வரி முறையில், குடியிருக்கும் வீட்டுக் கடன் வட்டிக்கு வருடம் இரண்டு லட்சம் வரை கழிவு உண்டு. புதிய முறையில் அது இல்லை. புதிய முறைக்கு மாறியவர்களுக்கு அந்த வாதம் செல்லாது.

இனி, வட்டி எப்படித் தீர்மானமாகிறது என்பது. 2019 அக்டோபரிலிருந்து வங்கிகள் புதிய ஃப்ளோட்டிங் வீட்டுக் கடனை ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடுதான் இணைக்க வேண்டும். அதற்கு மேல் வங்கி சேர்ப்பதை ஸ்ப்ரெட் என்கிறார்கள். பேரம் பேச இடம் இருப்பது அதில்தான், அதுவும் முக்கியமாகக் கையெழுத்துப் போடுவதற்கு முன்பு. சிபில் மதிப்பெண் நன்றாக இருப்பவர் இரண்டு மூன்று வங்கிகளின் கடிதங்களை மேஜையில் வைத்துப் பேச வேண்டும். 2019-க்கு முந்தைய எம்.சி.எல்.ஆர்., பேஸ் ரேட் கணக்குகளிலேயே தங்கிவிட்ட பழைய கடன்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். ரெப்போ இறங்குவது அவர்களுக்குத் தாமதமாகவும் அரைகுறையாகவும்தான் வந்து சேரும். கிளைக்கு ஒரு கடிதம், சிறிய கட்டணம், மாறிக்கொள்ளலாம். வீட்டு வசதி நிதி நிறுவனங்களுக்கு இந்த ரெப்போ கட்டாயம் கிடையாது. அவை தங்கள் சொந்த அளவுகோலை வைத்துக்கொள்கின்றன. அங்கே கடன் வாங்குகிறவர் கடந்த சில வருடங்களில் அந்த அளவுகோல் எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

வேறு வங்கிக்குக் கடனை மாற்றுவதற்கு முன் தமிழ்நாட்டில் ஒரு கணக்கு கூடுதலாக உண்டு. புதிய வங்கியின் பரிசீலனைக் கட்டணம், வழக்கறிஞர் கருத்து ஆகியவற்றோடு, பத்திரங்களை ஒப்படைத்ததற்கான எம்.ஓ.டி. ஆவணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மறுபடி பதிவு செய்ய வேண்டியிருக்கும். கால் சதவீத வித்தியாசத்துக்காக, பாதிக்கு மேல் அடைத்துவிட்ட கடனைத் தூக்கிக்கொண்டு ஓடுவது பெரும்பாலும் வீண். பழைய வங்கியிடமே 'மாற்றப் போகிறேன்' என்று எழுதிக் கேட்டால் ஸ்ப்ரெட்டைக் குறைப்பதும் நடக்கிறது.

முதன்முதலாக வாங்குபவர்கள் தடுமாறுவது வேறு இடத்தில். 30 லட்சம் வரையான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம், 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம் என்பது ரிசர்வ் வங்கி வைத்த உச்சவரம்பு. பத்திரச் செலவு அந்த மதிப்பில் சேராது, வீட்டின் விலை பத்து லட்சத்துக்குள் இருந்தால் ஒழிய. தமிழ்நாட்டில் ஒரு தனிவீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக, 50 லட்ச ரூபாய் வீட்டுக்கு வங்கி 40 லட்சம் கொடுத்தால், கையிலிருந்து 10 லட்சமும் பத்திரத்துக்கு நாலரை லட்சமும் வேண்டும். இந்த நாலரை லட்சத்தை மறந்துவிட்டு, கடைசி வாரத்தில் நகையை அடகு வைக்கிறவர்களும் பர்சனல் லோன் எடுக்கிறவர்களும் எத்தனை பேர்! விற்பவர் 'பத்திரத்தில் குறைத்துக் காட்டுவோம், மீதியை ரொக்கமாகக் கொடுங்கள்' என்று சொன்னால் அது சட்டத்துக்குப் புறம்பானது. அதோடு, வங்கி பத்திர விலையை வைத்துத்தான் கடன் தரும். குறைத்துக் காட்டிய பகுதி முழுவதையும் வாங்குபவர்தான் புரட்டியாக வேண்டும்.

கட்டி முடிக்காத அடுக்குமாடியில் 'பிரீ இ.எம்.ஐ.' என்று ஒன்றைச் சொல்வார்கள். கட்டுமானம் முடியும் வரை வட்டி மட்டும் கட்டினால் போதும் என்பது அதன் அர்த்தம். அசல் ஒரு ரூபாய் கூடக் குறையாது. கட்டடம் இரண்டு வருடம் தாமதமானால், இந்தப் பக்கம் வாடகையும் அந்தப் பக்கம் வட்டியுமாக இரண்டு வருடம். வாடகையோடு சேர்த்துச் சமாளிக்க முடிகிறவர்கள் முழுத் தவணையையும் ஆரம்பத்திலிருந்தே கட்ட அனுமதி கேட்பது மேல்.

கடன் அடைந்த பிறகும் வேலை பாக்கி இருக்கிறது. முழுவதும் கட்டி முடித்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களை வங்கி திருப்பித் தர வேண்டும். தன் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். 2023 டிசம்பரிலிருந்து நடைமுறையில் உள்ள விதி இது. கொடுத்த பத்திரங்களின் பட்டியலை, கடன் வாங்கும் நாளிலேயே வங்கி முத்திரையோடு நகல் வாங்கி வைத்திருந்தால் தாய்ப்பத்திரம் முதல் வரைபடம் வரை சரிபார்க்கலாம். எம்.ஓ.டி. ரத்து ஆவணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்து, வில்லங்கச் சான்றிதழ் ஒன்று எடுத்து, அதில் அந்த ரத்து ஏறியிருக்கிறதா என்று பார்த்து, அந்தத் தாளையும் பத்திரங்களோடு சேர்த்து வையுங்கள்.