ஹிரோஷிமா வளர்த்த சுழல் எஞ்சின்

1960-களின் முற்பகுதியில், ஹிரோஷிமா நகரத்தை அடுத்த ஃபுச்சூ என்னும் சிற்றூரில் அமைந்த ஒரு மோட்டார்த் தொழிற்சாலையில், நூறு மணி, இருநூறு மணி என்று ஓயாமல் ஓட்டிப் பார்த்த எஞ்சின்களைப் பிரித்துப் பரிசோதித்த பொறியியலாளர்கள், அவற்றின் வழவழப்பான உட்சுவர்களில் அலையலையாக வரி விழுந்திருப்பதைக் கண்டு, அந்த வரிகளுக்குப் 'பேயின் நகக்கீறல்' என்று பெயரிட்டார்கள். அந்தக் கீறல் ஏன் விழுகிறது என்பதை அன்று உலகில் ஒருவரும் அறியார். அதை அறிந்து அகற்றாவிட்டால் தங்கள் நிறுவனம் வேறொரு பெரிய நிறுவனத்தினுள் கரைந்து போகும் என்ற அச்சம் மட்டும் அவர்கள் எல்லோருக்கும் இருந்தது. அந்த நிறுவனமே இன்று மாஸ்டா என்னும் பெயரால் பிரசித்தி பெற்றிருப்பது.

நம் நாட்டில் அந்தப் பெயரைப் பெரும்பாலோர் அறிந்தது, பஞ்சாபில் தயாராகி ஊருக்கு ஊர் ஓடிய சுவராஜ் மாஸ்டா வேன்களின் முகப்பில் படித்துத்தான். ஆனால் மோட்டார் வாகனங்களில் பற்றுள்ளவர்களிடம், ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ ஜப்பானிலோ, அந்தப் பெயரைச் சொன்னால் அவர்கள் நினைவுக்கு வருவது வேனும் அன்று, விற்பனைக் கணக்கும் அன்று. உலகமெல்லாம் பரீட்சித்துக் கைவிட்ட ஒரு யந்திரத்தைத் தான் மட்டும் விடாமல் வைத்துக்கொண்ட பிடிவாதம் அது. டொயோட்டாவைப் போலப் பெருஞ்செல்வமும், ஹோண்டாவைப் போல உலகளாவிய வியாபாரமும் வாய்க்காத ஒரு ஸ்தாபனம் எப்படி அத்தகைய கீர்த்தியை அடைந்தது என்பது விரிவாகவே சொல்லத் தக்க சரித்திரம்.

1920-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் அந்த நிறுவனம் தொடங்கப்பட்டபோது அதற்கும் மோட்டாருக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. முதல் உலக யுத்தத்தினால் வெளிநாட்டுத் தக்கை ஜப்பானுக்கு வருவது தடைப்பட்டதைத் தொடர்ந்து, உள்நாட்டு மரப்பட்டையிலிருந்து தக்கை செய்து விற்க எழுந்த கம்பெனி அது. தோயோ கார்க் கோக்யோ என்பது அதன் பெயர். அயல்நாட்டுத் தக்கை மீண்டும் கப்பலேறி வரத் தொடங்கியதும் வியாபாரம் மங்கிவிட்டது. 1921-இல் அதன் தலைமைப் பொறுப்பை ஏற்ற ஜூஜிரோ மட்சுதா, ஹிரோஷிமாக் கடலோரத்து மீனவர் ஒருவரின் புதல்வர். சிறுவயதிலேயே ஓசாகாவுக்குச் சென்று கொல்லர் பட்டறையில் தொழில் பழகியவர். தம் பெயரால் ஒரு பம்பையே ஆக்கி விற்றவர். இரும்பை அடித்து உருவாக்கிப் பழகிய கைக்குத் தக்கையில் எங்ஙனம் திருப்தி பிறக்கும்? 1927-இல் 'கார்க்' என்னும் சொல் பெயரிலிருந்து உதிர்ந்தது; யந்திரங்களும் கருவிகளும் செய்யும் தோயோ கோக்யோ பிறந்தது.

1931-இல் அவர்கள் சந்தைக்குக் கொண்டுவந்த முதல் வாகனம் மூன்று சக்கரச் சரக்கு வண்டி. முன்புறம் மோட்டார் சைக்கிளைப் போல ஒற்றைச் சக்கரமும் கைப்பிடியும், பின்புறம் சுமைப்பெட்டியும் உடைய அந்த எளிய வண்டிக்கு 'மாஸ்டா' என்று நாமகரணம் செய்தார்கள். பண்டைப் பாரசீகத்தில் ஜரதுஷ்டிரர் போதித்த சமயத்தின் பரம்பொருளாகிய அகுர மஸ்தாவின் திருநாமமும், தலைவர் மட்சுதாவின் குலப்பெயரும் அந்த ஒரு சொல்லில் இணைகின்றன. கடைக்காரரும் விவசாயியும் வாங்கக்கூடிய விலையில் அமைந்த அந்த வண்டிதான் அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு அந்த நிறுவனத்துக்குச் சோறு போட்டது.

1945-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் ஜூஜிரோ மட்சுதாவுக்கு எழுபது வயது நிறைந்தது. அன்று காலை 8.15 மணிக்கு நகரத்தின் மேல் அணுகுண்டு வெடித்தது. அவ்வாண்டு இறுதிக்குள் ஏறத்தாழ 1,40,000 பேர் மாண்டனர் என்பது பொதுவாகக் கொள்ளப்படும் கணக்கு. மட்சுதா பிழைத்தார். குண்டு வெடித்த இடத்திலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தொலைவில் இருந்த அவரது தொழிற்சாலையும், இடையே ஹிஜியாமா என்னும் சிறு குன்று நின்று மறைத்தமையால், கூரைகளும் கண்ணாடிகளும் சிதைந்தபோதிலும் முற்றும் அழியாமல் தப்பியது. காயமுற்றோர் அங்கே கொண்டுவரப்பட்டனர். அலுவலகங்களை இழந்த மாகாண அரசாங்கம் 1946-ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை அந்தத் தொழிற்சாலைக் கட்டடத்திலிருந்துதான் தன் காரியங்களை நடத்தியது. குண்டு விழுந்த நான்காம் மாதத்தில், டிசம்பரில், மூன்று சக்கர வண்டிகளின் உற்பத்தி மீண்டும் தொடங்கியது. எரிந்த நகரத்தைத் திரும்பக் கட்டுவதற்கு மரமும் ஓடும் சிமெண்டும் சுமக்க வண்டி வேண்டியிருந்த காலம் அது. இந்த நிறுவனத்தின் மீது ஹிரோஷிமா மக்கள் வைத்திருக்கும் அபிமானத்தை, வேறு ஊர்க்காரர் தம் ஊர்த் தொழிற்சாலையின் மீது வைக்கும் அபிமானத்தோடு ஒப்பிடலாகாது என்று நான் கருதுவது இதனாலேயே.

1960-இல் R360 என்னும் சின்னஞ்சிறு கூபேயுடன் மாஸ்டா பயணிகள் கார் உலகினுள் அடியெடுத்து வைத்தது. வைத்த மறு ஆண்டே சோதனை வந்தது. வெளிநாட்டுக் கார்களுக்குச் சந்தையைத் திறந்துவிட வேண்டிய நாள் நெருங்குவதை உணர்ந்த ஜப்பானிய அரசின் வர்த்தகத் தொழில் அமைச்சகம், சிதறிக் கிடந்த கார் நிறுவனங்களைச் சில தொகுதிகளாகச் சேர்த்துப் பலப்படுத்த ஒரு திட்டம் வகுத்தது. பெரியவர்களுக்கு அது பலம். பின்னால் வந்து சேர்ந்த சிறியவர்களுக்கு முடிவு. தந்தைக்குப் பின் தலைவரான சுனேஜி மட்சுதா, எவரிடமும் இல்லாத ஒரு யந்திரத்தைத் தாம் பெற்றாலன்றித் தனித்து நிற்றல் இயலாதென்று துணிந்து, ஜெர்மனியின் நெக்கார்சூல்ம் நகரிலிருந்த என்.எஸ்.யூ. நிறுவனத்தை நாடினார். ஃபெலிக்ஸ் வாங்கெல் என்பவர் கற்பனை செய்த சுழல் எஞ்சின் அங்கே 1957-இல் முதன்முதலாக ஓடியிருந்தது. 1961-இல் உரிம ஒப்பந்தம் முடிந்தது.

அந்த எஞ்சினின் விசேஷம் யாதென்பதை நம் வீட்டுச் சாமான்களைக் கொண்டே விளக்கலாம். சாதாரண எஞ்சின் உரலும் உலக்கையும் போன்றது: சிலிண்டருக்குள் பிஸ்டன் ஏறி இறங்க, அந்த ஏற்ற இறக்கத்தைக் கிராங்க் தண்டு சுழற்சியாக மாற்றித் தர வேண்டும், ஒவ்வொரு முறையும் பிஸ்டன் உச்சியில் நின்று திரும்புவதால் அதிர்வு உண்டு, காற்றும் புகையும் வந்து போகத் திறந்து மூடும் வால்வுகளும் வேண்டும். வாங்கெலின் எஞ்சினோ ஆட்டுக்கல்லும் குழவியும் போன்றது. இடை சற்றே ஒடுங்கிய நிலக்கடலை வடிவான ஓர் அறைக்குள், பக்கங்கள் புடைத்த முக்கோணச் சுழலி ஒன்று, மையம் விலகி வட்டமிட்டபடியே தானும் சுழல்கிறது. முக்கோணத்தின் மூன்று முனைகளும் எந்நேரமும் அறைச் சுவரைத் தொட்டுக்கொண்டே செல்வதால், சுழலிக்கும் சுவருக்கும் இடையே மூன்று தனித்தனி இடைவெளிகள் உண்டாகி, அவை விரிந்தும் சுருங்கியும் நகர்கின்றன. விரியும்போது எரிபொருள் கலந்த காற்றை இழுப்பதும், சுருங்கும்போது அதை அழுத்துவதும், பற்றியெரிந்து தள்ளுவதும், புகையை வெளியேற்றுவதும் ஆகிய நான்கு கிருத்தியங்களும் ஒரே சுழற்சியில் அடுத்தடுத்து நிகழ்கின்றன. சுழலி ஒரு முறை சுற்றினால் நடுத்தண்டு மூன்று முறை சுற்றும். வால்வு கிடையாது, பாகங்கள் சில, உருவம் சிறிது, எடை குறைவு, ஓட்டமோ நீரோட்டம் போன்றது.

அந்த மூன்று முனைகளில்தான் ஆபத்து குடியிருந்தது. முனைக்கு ஒன்றாகப் பொருத்தப்பட்ட மெல்லிய அடைப்புப் பட்டைகள் வில்லின் விசையால் சுவரோடு அழுந்தி வாயுவைக் கசியாமல் காக்க வேண்டும். அவை காக்காமல் சுவரைக் கீறின. 1963 ஏப்ரலில் இதற்கென்றே ஓர் ஆராய்ச்சிப் பிரிவு நிறுவப்பட்டு, கெனிச்சி யமமோட்டோ அதற்குத் தலைவராக்கப்பட்டார். அந்தப் பிரிவினர் 47 பேர். தலைவனின் மானம் காத்து மாண்ட 47 சாமுராய்களின் கதை ஜப்பானியக் குழந்தையும் அறிந்ததாகலின், அந்த எண்ணிக்கையே அவர்களுக்கு ஒரு பட்டமாயிற்று. யமமோட்டோ தோக்கியோ பல்கலைக்கழகத்தில் பயின்றவர். எரிந்த நகரத்துக்குத் திரும்பி 1946-இல் இந்தத் தொழிற்சாலையில் சேர்ந்தபோது அவருக்குக் கிடைத்தது வண்டிகளுக்குக் கியர்ப்பெட்டி பூட்டும் வேலைதான்.

அவர்கள் கைக்கு அகப்பட்ட பொருளையெல்லாம் பட்டையாக்கிப் பார்த்தனர். விலங்குகளின் எலும்பையும் விடவில்லை. காரணம் பொருளில் இல்லை, அதிர்வில் இருக்கிறது என்பது மெல்ல மெல்லத்தான் விளங்கியது. சாக்குக் கட்டியைக் கரும்பலகையில் நிமிர்த்திப் பிடித்துத் தள்ளினால், அது வழுக்கிச் செல்லாமல் துள்ளித் துள்ளிக் கோட்டைப் புள்ளிகளாக இடுவதைப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் கண்டிருப்பார்கள். பட்டையும் தனக்கு இயல்பான அதிர்வெண்ணில் அவ்வாறே துள்ளியது. துள்ளிய ஒவ்வோர் இடத்திலும் ஒரு வரி. பட்டையின் உள்ளே குறுக்கும் நெடுக்குமாகத் துளையிட்டு அந்த அதிர்வெண்ணை மாற்றியதும் கீறல் மறைந்தது. பின்னர் அலுமினியம் ஊட்டிய கரிப் பட்டையைச் செய்து, விற்பனைக்கான எஞ்சினில் அதையே பொருத்தினார்கள். நோயை அதன் மூலத்தில் கண்டு மருந்து செய்த அந்தச் சம்பவத்தை நான் பொறியியல் வரலாற்றின் அழகான அத்தியாயங்களுள் ஒன்றாகவே மதிக்கிறேன்.

1967 மே 30-ஆம் நாள் இரண்டு சுழலிகள் உள்ள காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது. 982 கன சென்டிமீட்டர் கொள்ளளவில் 110 குதிரைத்திறன் தந்த எஞ்சின் அது. அந்த மாதிரியில் விற்றவை 1,176 கார்களே ஆயினும், அதே ஆண்டு வெளிவந்த என்.எஸ்.யூ.வின் சுழல் எஞ்சின் காராகிய ஆர்.ஓ. 80 முனைப் பட்டைகள் தேய்ந்து எஞ்சின் மாற்றியே தாய் நிறுவனத்தை நொடிக்கச் செய்ததையும், 1969-இல் என்.எஸ்.யூ. வோல்க்ஸ்வாகன் குழுமத்தினுள் அடங்கியதையும் எண்ணிப் பார்த்தால், ஹிரோஷிமாவில் நடந்த தவத்தின் அருமை புலப்படும். உரிமம் வாங்கியிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் போன்ற மகா நிறுவனங்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஒதுங்கின.

அவை ஒதுங்கியதற்கு 1973-ஆம் ஆண்டின் பெட்ரோல் நெருக்கடி முக்கிய காரணம். நீண்டு ஒடுங்கிய அந்த அறையில் எரிபொருள் முழுதும் எரிவதில்லை. வெப்பம் சுவர் வழியே வீணாகிறது. ஆதலால் பெட்ரோல் அதிகம் குடிக்கும். எஞ்சினின் இந்தப் பிறவிக்குறையை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. அமெரிக்காவில் மாஸ்டாவின் விற்பனை சரிந்தது, கார்கள் தேங்கின, சுமிதோமோ வங்கி கைகொடுத்திராவிட்டால் கம்பெனி மூழ்கியிருக்கும். ஆலையில் யந்திரம் இயக்கியவர்கள் ஆயிரக்கணக்கில் ஊர் ஊராகச் சென்று வீட்டுக் கதவைத் தட்டிக் கார் விற்றார்கள். அந்த இருண்ட காலத்தில், 1975-இல், நகரத்தின் பேஸ்பால் அணியாகிய ஹிரோஷிமா தோயோ கார்ப் முதன்முறையாக லீக் பட்டம் வென்றது. பணமின்றித் தவித்த தொடக்க நாட்களில் மைதான வாயிலில் வைத்த பீப்பாய்களில் மக்கள் இட்ட காசால் பிழைத்த அணி அது. அதன் பெயரிலுள்ள 'தோயோ' இந்த நிறுவனத்தின் பெயர்தான்.

யமமோட்டோ சுழல் எஞ்சினைக் கைவிடவில்லை. எரிபொருள் சிக்கனத்தை 40 சதவீதம் உயர்த்துவதாக வாக்களித்து, 'ஃபீனிக்ஸ்' என்று பெயரிட்ட திட்டத்தில் அதை நிறைவேற்றினார். 1978-இல் வந்த RX-7 கார் அதன் பயன். 1984-இல் அவரே நிறுவனத் தலைவரானார். அவ்வாண்டுதான் நிறுவனமும் வண்டியின் பெயரையே தன் பெயராகச் சூடிக்கொண்டது.

1991 ஜூன் 22, 23 தேதிகளில் பிரான்சின் ல மான் நகரில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. ஆரஞ்சும் பச்சையும் பூசிய 55-ஆம் எண் மாஸ்டா 787B, நான்கு சுழலிகளின் கணீரென்ற ஒலியோடு இரவெல்லாம் ஓடி, முன்னணியில் இருந்த மெர்சிடிஸ் யந்திரக் கோளாறால் பின்தங்க, 362 சுற்றுகள் முடித்து முதலாவதாக வந்தது. வோல்கர் வைட்லர், பெர்ட்ரான்ட் காஷோ, ஜானி ஹெர்பர்ட் ஆகிய மூவரும் மாறி மாறி ஓட்டினர். இறுதியில் ஓட்டிய ஹெர்பர்ட் நீர் வற்றிச் சோர்ந்து விழுந்தமையால் வெற்றி மேடைக்கே வர முடியவில்லை. அந்தப் பந்தயத்தை வென்ற முதல் ஜப்பானிய நிறுவனம் மாஸ்டா. 2018-இல் டொயோட்டா வெல்லும் வரை அதற்குத் துணையில்லை. பிஸ்டன் இல்லாத எஞ்சின் அங்கே வென்றது அந்த ஒரு முறைதான். பந்தயத்துக்குப் பின் எஞ்சினைப் பிரித்துப் பார்த்தபோது உட்பாகங்கள் நல்ல நிலையிலேயே இருந்தன.

ஏனையவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1989-இல் வந்த MX-5 என்னும் இரட்டை இருக்கைத் திறந்த கார் சுழல் எஞ்சின் இல்லாமலேயே உலகின் அன்பைக் கவர்ந்து, 2016-இல் உற்பத்தியில் பத்து லட்சத்தை எட்டியது. ஜப்பானின் பொருளாதாரக் குமிழி உடைந்தபின் நிறுவனத்தின் கடன் ஏறியது. ஃபோர்டு நிறுவனம் மாஸ்டாவில் தான் ஏற்கெனவே வைத்திருந்த பங்கை 1996-இல் 33.4 சதவீதமாக உயர்த்தி, ஹென்றி வாலஸ் என்பவரைத் தலைவராக்கியது; ஜப்பானியக் கார் நிறுவனமொன்றுக்கு அயல்நாட்டவர் தலைவரானது அதுவே முதன்முறை. 2008-க்குப் பின் ஃபோர்டு விலகியது. கடைசியாக எஞ்சியிருந்த சுழல் எஞ்சின் காராகிய RX-8-உம் 2012-இல் நின்றது. 2024 ஜூனில், அரசு அங்கீகாரச் சோதனைகளில் முறைகேடு செய்த ஐந்து ஜப்பானிய நிறுவனங்களுள் மாஸ்டாவும் ஒன்று என்பது வெளிப்பட்டு, இரண்டு மாதிரிகளை அனுப்புவது நிறுத்தப்பட்டது. கீறலை மறைக்காமல் பிரித்துப் பார்த்து நின்றவர்களின் வழிவந்த நிறுவனம் சோதனைச்சாலையிலேயே தவறியது எனக்கு மெய்யாகவே வருத்தம் தந்த செய்தி.

அதற்கு ஓராண்டு முன்பு, 2023-இல், பதினோரு ஆண்டு இடைவெளிக்குப் பின் ஹிரோஷிமாவில் சுழல் எஞ்சின் மீண்டும் தயாராகத் தொடங்கியிருந்தது. MX-30 என்னும் மின்சாரக் காரில் அமர்ந்த அது சக்கரங்களைச் சுழற்றுவதில்லை. பாட்டரி இறங்கும்போது மின்சாரம் உண்டாக்கித் தருவதே அதன் வேலை. சிறிய உருவமும் அதிராத ஓட்டமும் அந்த வேலைக்கு வெகு பொருத்தம். ஒற்றைச் சுழலி, 830 கன சென்டிமீட்டர். மூன்று முனைகளிலும் இருக்கும் அந்தப் பட்டைகளை, தேய்மானம் குறைய வேண்டுமென்று, முன்பிருந்த 2 மில்லிமீட்டரிலிருந்து 2.5 மில்லிமீட்டராகத் தடிப்பாக்கியிருக்கிறார்கள்.